புளியங்கொட்டை அளவு விளக்கு

செப்டம்பர் 9, திங்கள்

காலை மாத்திரை போட்டேன். ராத்திரி மாத்திரையும் போட்டாயிற்று.

மாத்திரை போட்டதை மறக்காமல் எழுதி வை என்று சிந்துஜா இந்த டைரியைக் கொடுத்தாள். மகன் வயிற்றுப் பேத்தி. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு மாதம் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம், உடுமலைக்கு வந்திருக்கிறாள். எனக்கு மறதி என்று யார் சொன்னது என்று கேட்டேன். டாக்டர் சொன்னாராம். அந்த டாக்டருடைய அப்பா கம்பவுண்டராக இருந்தபோது எந்தச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஊசி போட வந்தார் என்றுகூட நான் சொல்லுவேன். காலர் கிழிந்த நீலச் சட்டை. நான் படித்தது நாலாவது வரைக்கும்தான். எழுத்து கோணும். ஞாபகம் கோணாது.

கொட்டகையிலிருந்து காரை வெளியே தள்ளி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வாங்கிய அம்பாசடர். அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. கார் அதற்கும் முன்பே படுத்துவிட்டது. போன மாதம் மெக்கானிக் வந்து இஞ்சினை ஓட வைத்துவிட்டுப் போனான். டேஷ்போர்டில் விளக்கு ஒன்றும் எரியவில்லை. ஆயுத பூஜைக்குள் ரோட்டில் ஓட்டியாக வேண்டும் என்று இவள் நிற்கிறாள்.

எனக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகாது. வாசலில் நிற்கட்டும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மிளகாய் காயப் போட்டுவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மாத்திரை இரண்டு வேளையும்.

எலெக்ட்ரீசியன் ஜபருல்லா வந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. ஐம்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கப் போட்டிருக்கிறார். ஒரு பல்பு, அதற்கு இரண்டு வயர், இதுதான் அவர் கருவி. ஒரு முனையைக் கார் தகரத்தில் மாட்டிக்கொண்டு இன்னொரு முனையால் இங்கே தொடுகிறார், அங்கே தொடுகிறார். பல்பு எரிந்தால் அதுவரைக்கும் கரெண்டு வருகிறது என்று அர்த்தம்.

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு எலிக் கூட்டை எடுத்துப் போட்டார். பஞ்சு, காலண்டர் தாள், என் வீட்டுக்காரருடைய பனியன் துண்டு ஒன்று. அந்தப் பனியனை வண்ணாத்தி தொலைத்துவிட்டாள் என்று இருபத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அந்த வருஷம் தீபாவளிச் சேலை கொடுக்கவில்லை.

"எலி பாதி வயரைத் தின்னிருக்குதுங்க பெரியம்மா. மீதிய மனுசன் தின்னிருக்கான். எவனோ செவப்புக்குப் பச்சையக் குடுத்து முறுக்கி வெச்சிருக்கான்" என்றார்.

செப்டம்பர் 12, வியாழன்

மாத்திரை சரி. தேங்காய் உரிக்க ஆள் வரவில்லை.

செப்டம்பர் 14, சனி

மாத்திரை சரி.

டேஷ்போர்டின் மேல், கண்ணாடிக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு விளக்கு தனியாக இருக்கிறது. இது கம்பெனி வைத்தது இல்லையே என்று ஜபருல்லா கேட்டார். என் வீட்டுக்காரர் வைத்தது என்றேன். ஆயில் விளக்கு. மீட்டருக்குள் இருக்கிற குட்டி விளக்கு டிரைவர் கண்ணுக்குத் தப்பிவிடுமென்று, எழுபத்து நாலில் மேலே தனியாக ஒன்று வைக்கச் சொன்னார்.

"அருமையான வேலைங்க. சாவியப் போட்டா எரியோணும். இஞ்சின் ஓடுனா அணையோணும். ஓடறப்ப எரிஞ்சுதுன்னா ஆயில் இல்லேன்னு அர்த்தம், அங்கயே நிறுத்திப் போடோணும்."

"எரிஞ்சுது. அவன் நிறுத்தல" என்றேன்.

சிந்துஜா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு நான் சொன்னதில்லை. அதனால் சொன்னேன்.

எழுபத்தேழு ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்குத் தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள். காங்கயத்துக்குப் பக்கம் என் பிறந்த ஊர். மூன்று மணிக்கு எடுப்பதாகத் தந்தியில் இருந்தது. அவர் கொப்பரை விஷயமாகப் பொள்ளாச்சி போயிருந்தார், அப்படியே பஸ்ஸில் வரட்டும் என்று ஆள் அனுப்பிவிட்டு நான் காரில் கிளம்பினேன். மடியில் அம்மாவுக்குப் போட வேண்டிய கோடிச் சேலை. டிரைவர் பொன்னுரங்கம். தாராபுரம் தாண்டியதும் அடியில் கல் அடித்து டங்கென்று சத்தம் கேட்டது. "பாத்துப் போ" என்றேன். ஊதியூர் போவதற்குள் இஞ்சின் பிடித்து வண்டி நின்றுவிட்டது. ஆயில் எல்லாம் ரோட்டில் ஒழுகிப் போயிருந்தது.

"லைட்டு எரியலீங்கம்மா" என்றான். தலையைக் குனிந்துகொண்டு அதை மட்டும் சொன்னான். மூன்று தடவை.

லாரி பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. வாசல் கழுவி விட்டிருந்தார்கள். கழுவிய தண்ணீர் இன்னும் காயவில்லை.

"தூங்கியிருப்பான். இல்லாட்டி விளக்கப் பாக்காம எங்கயோ பாத்திருப்பான். அப்பறம் பொய்யி" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம் சொல்லிவிட்டேன், அவன் இருந்தால் நான் உடுமலைக்கு வரமாட்டேன் என்று. அவனை நிறுத்திவிட்டார். இஞ்சினைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சரி செய்தபோது, விளக்கே வேண்டாமென்று வயரைப் பிடுங்கிவிட்டு முள் மீட்டர் வைத்துக்கொண்டார். அந்த மீட்டர்தான் இப்போது ஒழுகுகிறதென்று மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டான்.

"அப்ப இந்த விளக்கையே உசுருக் குடுத்து எழுப்பிருவமுங்க" என்றார் ஜபருல்லா.

செப்டம்பர் 18, புதன்

மாத்திரை சரி. மீட்டருக்குள் இருக்கிற பேட்டரி விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. அந்த வயரை ஆரனுக்குக் கொடுத்திருந்தானாம் யாரோ. ஆரன் அடித்தால் விளக்கு மினுக்கியது. சிந்துஜா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். காரைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்து.

செப்டம்பர் 21, சனி

மாத்திரை சரி.

புளியங்கொட்டை மட்டும் எழவில்லை. புது வயர் போட்டார். சாவியிலிருந்து விளக்கு வரைக்கும் கரெண்டு வருகிறது. விளக்கிலிருந்து இஞ்சினில் இருக்கிற ஆயில் சுவிட்சு வரைக்கும் வயர் நன்றாக இருக்கிறது. சுவிட்சையும் மாற்றினார். வயரைச் சுவிட்சிலிருந்து கழற்றி நேராகத் தகரத்தில் வைத்தார், அப்போதாவது எரிய வேண்டுமாம். எரியவில்லை.

"எல்லாம் சரியா இருக்குது, எரிய மாட்டேங்குது. இது வயரு கோளாறு இல்லீங்க பெரியம்மா. இந்த விளக்குக்குள்ளயே என்னமோ இருக்குது."

மரை இறுகிப்போய்த் திருக வரவில்லை. எண்ணெய் விட்டு ஊறப் போட்டிருக்கிறார்.

செப்டம்பர் 23, திங்கள்

மாத்திரை காலையில் போட்டேன்.

விளக்கு கழன்று வந்துவிட்டது. வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். அந்தச் சிவப்புக் கண்ணாடி சிவப்பாக இல்லை, மண் நிறம். மேலே ஏதோ கெட்டியாக அப்பிக் கிடந்தது. ஜபருல்லா நகத்தால் சுரண்டினார். பிஸ்கட் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது.

"பெயிண்டா பாய்?" என்று சிந்துஜா கேட்டாள்.

அவர் விரலை மோந்து பார்த்தார். அவளுக்கும் நீட்டினார்.

"சந்தனம்" என்றாள்.

"அடுக்குக்கு அடுக்கு நடுவுல செவப்பா இருக்குது பாருங்க. குங்குமம். மூணு வருசத்துப் பூசையாச்சும் இருக்கும். தண்ணியாக் கரைச்சு வெச்சிருக்காங்க, உள்ள எறங்கிப் பித்தளையெல்லாம் பச்சை பூத்துப் போச்சு. அதான் பல்புக்குக் கரெண்டு போகல."

உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்தார். பல்பை மாட்டி வயரை வைத்தார். பளிச்சென்று எரிந்தது.

"உள்ள கெடாம இருந்திருந்தாலும் ஒண்ணும் இல்லீங்க. மேல இத்தனை அப்பியிருந்தா, எரிஞ்சாலும் வெளிய தெரிஞ்சிருக்காது." அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. விளக்கைப் பார்த்துத்தான் சொன்னார்.

"புழுதியா இருக்கும்" என்றேன். காப்பி போடுகிறேன் என்று உள்ளே வந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததைச் சிந்துஜா வந்துதான் பார்த்தாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மாத்திரை போட்டேனா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

மாத்திரை சரி.

ஆயுத பூஜைக்கு எல்லா வீட்டிலும் வண்டிக்குச் சந்தனம் வைப்பார்கள். ஸ்டீரிங்குக்கு, மீட்டருக்கு, விளக்குக்கு. நான் மட்டுமா வைத்தேன்? விளக்கை மேலே பார்த்து வைத்தவர் அவர். பக்கவாட்டில் வைத்திருந்தால் சந்தனம் வழிந்து போயிருக்கும். பூஜை முடிந்து அவரும்தான் அந்தக் காரில் ஏறினார், இறங்கினார். அவர் கண்ணுக்குத் தெரியவில்லையா?

டிரைவர் என்றால் தினம் துடைக்க வேண்டும். அதற்குத்தானே சம்பளம்.

அந்த வருஷம் பூஜைக்கு மறுநாள் காலை அவன் மஞ்சள் துணியோடு வந்தான். நான் அரக்குச் சேலை கட்டியிருந்தேன். கையில் வெண்டைக்காய்க் கூடை. அவன் கதவைத் திறந்து

இன்றைக்கு இது போதும். கண் வலிக்கிறது.

செப்டம்பர் 28, சனி

மாத்திரை சரி. கண் வலி இல்லை.

அவன் கதவைத் திறந்து துணியை விளக்கின் மேல் வைத்தான். நான் சொன்னேன்: "சாமிக்கு வெச்ச பொட்டை அழிக்கறதுக்கு நீ யாரு? அடுத்த வெள்ளி வரைக்கும் அதுல கை படக்கூடாது." அவன் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்த வெள்ளி வருவதற்கு முன்னால் செவ்வாய் வந்தது.

நாற்பத்தேழு வருஷமாக அவன் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் சொன்னது இப்போதுதான் வந்தது.

செப்டம்பர் 30, திங்கள்

மாத்திரை சரி.

சிந்துஜா கேட்டாள், "அந்த டிரைவர் இப்ப எங்க இருக்காரு அப்பத்தா?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

குட்டைத் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. மகள் பிரேமாவோடு இருக்கிறான். பெண்சாதி செத்துப் பதின்மூன்று வருஷம். எங்கள் வீட்டை விட்டுப் போனபின் யாரும் அவனுக்குக் காரைக் கொடுக்கவில்லை. இஞ்சினைப் பிடிக்க வைத்தவன் என்று பேராகிவிட்டது. அந்தப் பேரை நான் மூன்று வீட்டுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மண்டியில் மூட்டை தூக்கினான். பிறகு பஞ்சு மில்லில் வாட்ச்மேன். கண் அழுத்தம் வந்து ஆறு வருஷத்துக்கு முன் பார்வை போய்விட்டது. சந்தையில் எதிரே வந்தால் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பார்வை போனபிறகும் திருப்பிக்கொண்டேன்.

அக்டோபர் 4, வெள்ளி

மாத்திரை சரி.

சிந்துஜாவிடம் கோயில் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போனேன். பழம் வாங்கவில்லை. பழம் கொண்டுபோனால் நோயாளியைப் பார்க்கப் போனமாதிரி ஆகிவிடும்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எண்பத்திரண்டு வயசு. சவரம் செய்து சுத்தமாக இருந்தான். நான் வாயைத் திறக்கும் முன்னால், "யாரு, அம்மாங்களா?" என்றான்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"செருப்பு. நீங்க நடந்தா எடதுகால் கொஞ்சம் தேயும். பின்சீட்டுல ஏற வாறப்ப ஒம்பது வருசம் கேட்டதாச்சுங்களே."

பிரேமா எனக்கு நாற்காலி போட்டுவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் கொண்டுவரவில்லை. சரிதான்.

சொன்னேன். விளக்கைக் கழற்றியது, சந்தனம், வெண்டைக்காய்க் கூடை, எல்லாம். சொல்ல ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

"தெரியுமுங்க" என்றான்.

"என்ன தெரியும்?"

"சந்தனம் மறைச்சிருக்குதுன்னு அன்னைக்குக் கெளம்பறப்பவே தெரியும். தொடைச்சிருக்கோணும். தொடைச்சா நீங்க பேசுவீங்கன்னு உட்டுட்டன். அது என்ற தப்புத்தானுங்க."

"ஊதியூர்ல ஏன் சொல்லல? எரியலீங்க, எரியலீங்கன்னு அதையே சொன்னியே. நீங்க பூசுன சந்தனம்னு ஒரு வார்த்தை வந்துதா வாயில?"

"உங்கம்மா செத்த அன்னைக்குங்க. மடியில கோடிச் சேலைய வெச்சுட்டு ரோட்டுல நிக்கறீங்க. அன்னைக்கு அதை உங்க தலைமேல போடச் சொல்றீங்களா?"

எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பறமாச் சொல்லிக்கலாம்னு இருந்தன். அப்பறம் உங்க ஊட்டுக் கேட்டுக்குள்ளயே உடல."

தப்பு என்னுடையது என்று சொன்னேன். இந்த வாக்கியத்தைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

அவன் வேஷ்டி முனையைச் சரி செய்துகொண்டான். "என்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க."

எழுந்தேன். "வண்டி ஓடுதுங்களா?" என்று கேட்டான்.

"ஓடுது."

"அப்ப கொண்டாந்து காட்டுங்க."

"உனக்குத்தான் கண்ணு…"

"காது இருக்குதுங்களே."

அக்டோபர் 5, சனி

மாத்திரை சரி. நேற்று எங்கே போனேன் என்பதைச் சிந்துஜாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 7, திங்கள்

மாத்திரை சரி.

நான் போய்ச் சொன்ன மூன்று வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் செத்துவிட்டார்கள். மிச்சம் நாச்சம்மாள் ஒருத்தி. அவளோடு எண்பத்து மூன்றிலிருந்து பேச்சு இல்லை. இட்லிக் குண்டா வாங்கிக்கொண்டு போய் அடி நசுங்கித் திருப்பிக் கொடுத்தாள். மகள் சீருக்கு வாங்கி வைத்த குண்டா.

படியேறினேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்கவில்லை. அதற்கு மேலே கத்திச் சொன்னேன். பொன்னுரங்கம் மேல் தப்பு இல்லை, விளக்கை மறைத்தது நான் பூசிய சந்தனம், துடைக்கப் போனவனைத் தடுத்ததும் நான் என்று.

டிவியை அணைத்தாள். "இதச் சொல்லவா வந்தே? நான் குண்டாவுக்கு வந்தீன்னு நெனச்சேன்."

"குண்டாவும் இருக்குது. அது வேற."

"எங்க வீட்டுக்காரர் அவன வண்டிக்கு எடுத்துக்கறன்னு சொன்னாரு அப்ப. நான்தான் வேண்டாம்னேன். நீ சொன்னயேன்னு." டிவி ரிமோட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். "என்ற பேரனுகிட்டச் சொல்றன். மண்டியில இன்னும் அவனத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆளுக்கு ஆள் சொல்லட்டும்."

காப்பி கொடுத்தாள். சர்க்கரை தூக்கல். எனக்குச் சர்க்கரை ஆகாதென்று அவளுக்குத் தெரியாது. குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 9, புதன்

மாத்திரை சரி. விளக்கைத் திரும்ப அதே இடத்தில் மாட்டிவிட்டார் ஜபருல்லா. கிளம்பும்போது, "பூசைக்கு மத்த எல்லாத்துக்கும் வெச்சுக்கோங்க பெரியம்மா" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

மாத்திரை காலையில் போட்டேன்.

அரிவாள்மனை, மண்வெட்டி, சிந்துஜாவின் கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். காருக்கு வரும்போது அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டீரிங்குக்கு வைத்தேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை. டேஷ்போர்டில் ஒரு பூ மட்டும், விளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி.

பத்து மணிக்குக் குட்டைத் தெருவுக்குப் போனோம். சிந்துஜா ஓட்டினாள். சத்தம் கேட்டுத் தெருவில் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். இறங்கி நின்று, நாச்சம்மாள் வீட்டில் சொன்னதை அங்கேயும் சொன்னேன். சின்னப் பசங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வயசானவர்களுக்குப் புரிந்தது. பிரேமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். பிறகு உள்ளே போய் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள்.

பொன்னுரங்கத்தை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். நான் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. அவர் ஸ்டீரிங்கைச் சுற்றித் தடவினார். கியரைத் தொட்டார். கை தானாக மேலே போய் விளக்கைக் கண்டுபிடித்தது. கண்ணாடியைக் கட்டைவிரலால் தேய்த்து விரலை மோந்து பார்த்தார்.

"பூசலீங்களா?"

"இல்லீங்க."

சாவியைப் பாதி திருப்பினார்.

"எரியுதுங்களா?"

குனிந்து பார்த்தேன். சிவப்பாக, கண் கூசுகிற மாதிரி எரிந்தது. "எரியுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எரியுதுங்க."

முழுக்கத் திருப்பினார். இஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. அவர் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் கேட்டார். எந்த வால்வு என்ன சொல்லுகிறதோ, அவருக்குத்தான் தெரியும்.

"இப்ப லைட்டு?" என்றார்.

பார்த்தேன். சந்தேகம் வேண்டாமென்று என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

"எரியலீங்க" என்றேன்.

அவர் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்பறனுங்க" என்றார்.